வாரக்கடைசி கோல்ஃப் ஆட்டக்காரருக்கு எந்த அயர்ன் செட் பொருந்தும்?

கேள்வி: எனக்கு வயது 49, உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். கோவையில் வாரக்கடைசிகளில் மட்டும் கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 26 (இந்த எண் குறையக் குறைய ஆட்டம் தேர்ந்தது). மூத்த நண்பர் ஒருவர் கொடுத்த, பின்புறம் குடையாத மெல்லிய பிளேடு அயர்ன்களை வைத்திருக்கிறேன். பத்துப் பந்துகளில் இரண்டு மூன்று அருமையாகப் போகின்றன. மற்றவை வலப்பக்கம் விலகி, கிரீனுக்கு (குழி உள்ள புல்பரப்புக்கு) முன்பே விழுந்துவிடுகின்றன. கடையில் ஒரு புதிய செட்டின் 7 அயர்னை அடித்துப் பார்த்ததில் பதினைந்து கெஜம் கூடுதலாகப் போனது. அதையே வாங்கலாமா? பிழை பொறுக்கும் அயர்னை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: அந்தப் பதினைந்து கெஜத்தை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். கிளப்பின் அடியில் பொறித்திருக்கும் 7 என்ற எண்ணுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கென்று செய்யப்படும் டைட்டிலிஸ்ட் டி100 செட்டில் 7 அயர்னின் லாஃப்ட் (முகம் சாய்ந்திருக்கும் கோணம்) 34 டிகிரி, 6 அயர்னுக்கு 30 டிகிரி. பொழுதுபோக்காக ஆடுபவர்களை மனத்தில் வைத்துச் செய்த பிங் ஜி430 செட்டிலோ 7 அயர்னே 29 டிகிரிதான். முகம் நிமிர்ந்திருப்பதால் பந்து தாழ்ந்து தூரம் போகிறது. உங்கள் பழைய 6 அயர்னை எடுத்து அடித்திருந்தாலும் அந்தக் கூடுதல் தூரத்தில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். சரியாகப் பட்ட பந்துக்கும் சரியாகப் படாத பந்துக்கும் இடையே எத்தனை கெஜம் குறைகிறது, எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டுதான் ஓர் அயர்னின் பிழை பொறுக்கும் தன்மையை அளக்க வேண்டும். கடைத்திரையில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் உங்கள் மிகச் சிறந்த அடியின் தூரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிளேடின் தலையில் எடை நடுவில் திரண்டிருக்கும். டோ எனப்படும் நுனிப்பக்கத்தில் பந்து பட்டால், தலை தன் நிறை மையத்தைச் சுற்றித் திரும்பி முகம் திறந்துகொள்ளும். பந்து வேகத்தையும் இழக்கும், வலக்கை ஆட்டக்காரருக்கு வலப்பக்கமும் போகும். எடையை நடுவிலிருந்து குடைந்தெடுத்து ஓரங்களுக்குப் பகிர்ந்தால், நிலைமத் திருப்புத்திறன் (திரும்புவதை எதிர்க்கும் தன்மை) கூடி, அதே பிழையான அடியில் தலை குறைவாகவே திரும்பும். கழைக்கூத்தாடி நீண்ட கழியைக் குறுக்கே பிடித்துத் தள்ளாடாமல் நடப்பதும் இதே விதியால்தான். நார்வேயில் பிறந்து, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் இதை முதலில் கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் கிளப்பில் செய்து காட்டினார். அவர் தொடங்கிய பிங் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஐ 2 அயர்ன்கள் அதைச் சாதாரண ஆட்டக்காரர்களின் பையிலும் சேர்த்தன. பின்புறம் குடைந்த கேவிட்டி பேக் தலைகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஆகவே பிளேடிலிருந்து நீங்கள் மாறியே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதற்கு மாறுவது என்பதை உங்கள் பிழையின் வகைதான் தீர்மானிக்கும்.

அதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் எதுவும் வேண்டாம். கிளப் முகத்தின் தேய்மானத்தைப் பார்த்து முடிவு செய்யச் சிலர் சொல்வார்கள். உங்கள் செட் நண்பருடையதாக இருந்ததால் அந்தத் தேய்மானம் அவருடைய அடியைத்தான் காட்டும். ஒரு ஒயிட்போர்டு மார்க்கரை வாங்கி, பந்தில் தடித்த புள்ளி ஒன்றை இட்டு, அந்தப் பக்கம் கிளப் முகத்தைப் பார்த்தபடி இருக்க வைத்து அடியுங்கள். பட்ட இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும். பயிற்சித் திடலில் இருபது பந்துகளாவது அடித்து, ஒவ்வொரு முறையும் துடைக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் டோவிலிருந்து தண்டுப் பக்கமான ஹீல் வரை பக்கவாட்டில் சிதறியிருந்தால், ஓரங்களில் எடையுள்ள அகலமான தலை உங்களுக்குக் கண்கூடாக உதவும். எல்லாப் புள்ளிகளும் கீழ்வரிப் பள்ளத்தை ஒட்டியே இருந்தால், எடை தாழ்வாக வைக்கப்பட்ட தலையைத் தேடுங்கள். ஆனால் புள்ளிகள் நடுவிலேயே நெருங்கி விழுந்தும் பந்து வலப்பக்கமே போகிறதென்றால், அடிபடும் நொடியில் முகம் திறந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஆஃப்செட் சிறிது உதவும். கிளப்பின் முன்விளிம்பு ஷாஃப்டின் (கிளப் தண்டின்) கோட்டுக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருப்பதால் முகம் மூட ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதலில் பயிற்சியாளரிடம் செலவிடுவது நல்லது. ஓரத்தில் பட்டால் ஏற்படும் இழப்பைக் குறைக்க நல்ல செட்டால் முடியும். திறந்த முகத்தை மூடுவது அதன் வேலையன்று.

பந்துக்கு முன் மண்ணை வெட்டுபவராக இருந்தால் சோல் எனப்படும் கிளப்பின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். அகலமான சோல் மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கிச் செல்லும் என்பதால், புதிதாக ஆடுபவர்களுக்கு எல்லோரும் அதையே பரிந்துரைக்கிறார்கள். ஈரமான, மெத்தென்ற புல்தரைக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் நம் ஊரில் கோடையில் தரை கட்டிப்போய்விடுகிறது. அப்போது மிக அகலமான சோல் தரையில் மோதி எழும்பி, முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் படும். பந்து எழாமல் தரையோடு சீறி ஓடும். ஆகவே நடுத்தர அகலமும், முன்விளிம்பில் நன்றாக மழிக்கப்பட்ட வளைவும் உள்ள சோலையே நான் உங்களுக்குச் சொல்வேன். கடையின் செயற்கைப் புல் விரிப்பில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. விரிப்பில் கிளப் முன்கூட்டியே பட்டாலும் வழுக்கிப்போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். இயன்றால் புல்தரையில் அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

லாஃப்ட் குறைந்த செட்டை வாங்குவதில் தவறில்லை. அதன் விளைவுகள் தெரிந்து வாங்க வேண்டும். ஜி430 செட்டின் பிட்சிங் வெட்ஜ் (9 அயர்னுக்கு அடுத்த குறுந்தூரக் கிளப்) 41 டிகிரி. டி100 செட்டின் 9 அயர்ன்கூட 42 டிகிரிதான். உங்கள் பையில் ஏற்கெனவே 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் இருந்தால், இரண்டுக்கும் இடையே 15 டிகிரி இடைவெளி விழுந்து, எண்பது தொண்ணூறு கெஜத்துக்கு முழு ஸ்விங்கில் அடிக்கக் கிளப்பே இல்லாமல் போகும். ஆகவே அதே செட்டில் வரும் 45 அல்லது 50 டிகிரியை ஒட்டிய வெட்ஜையும் சேர்த்தே விலை கேளுங்கள். நெடுந்தூரக் கிளப்புகள் உள்ள மேல்முனையில் இதற்கு நேர்மாறு: 4 அயர்னை வாங்கவே வேண்டாம், 5 அயர்னும் உங்களுக்குத் தேவைப்படாது. மிதமான ஸ்விங் வேகத்தில் இருபதை ஒட்டிய லாஃப்ட் பந்தை உயர்த்தாது. அந்த இடத்தில் ஹைப்ரிட் கிளப்புகள் (அயர்னும் வுட்டும் கலந்த வடிவுடையவை) அதைவிட எளிதாக எழுப்பித் தரும். 6 அயர்னில் தொடங்கி வெட்ஜ் வரை வாங்குங்கள். விதிப்படி பையில் 14 கிளப்புகள் வரைதான் அனுமதி என்பதால் இந்தக் கணக்கு இடத்தையும் மிச்சப்படுத்தும்.

ஷாஃப்ட் பற்றிச் சுருக்கமாக: உங்கள் 7 அயர்ன் பந்து காற்றில் 130 கெஜத்துக்குள் விழுகிறதென்றால், லேசான ஸ்டீல் அல்லது கிராஃபைட் ஷாஃப்டில் ரெகுலர் ஃப்ளெக்ஸை (நடுத்தர வளைவுத்தன்மையை) முதலில் முயலுங்கள். ரெகுலர், ஸ்டிஃப் என்ற பெயர்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லாததால், ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல இருக்கக்கூடும்.

கிளப் தரையில் அமரும் கோணம் அதிகம் பேசப்படுவதில்லை. சோலின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடினமான பலகையின் மீது வைத்த பந்தை அடித்தால், டேப்பில் உராய்வு விழும். அது டோ பக்கம் விழுந்தால் பந்து வலப்பக்கமும், ஹீல் பக்கம் விழுந்தால் இடப்பக்கமும் போகத் தூண்டும். உங்கள் உயரத்தில் ஆயத்தக் கிளப்புகள் பெரும்பாலும் டோ தூக்கியே அமரும்; ஆகவே பழைய செட்டில் வலப்பக்கம் விலகும் பந்து, கோணம் திருத்தாத புதிய செட்டில் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கலாம். அடித்து வடித்த ஃபோர்ஜ்டு தலைகளை வளைத்துத் திருத்துவது எளிது. வார்ப்புத் தலைகளில் ஓரிரு டிகிரிக்கு மேல் கேட்காதீர்கள். உள்ளீடற்ற தலைகளை வளைக்கலாமா என்று நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள்.

நான்கைந்து ஆண்டு பழைய செட்டாக இருந்தாலும் கவலையில்லை. போலிச் சரக்கு நிறைய உலவுவதால், ஷாஃப்ட் செருகும் கழுத்தில் உள்ள வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் ஆடப் போகும்போது யாராவது தங்கள் செட்டைக் கொடுத்தாலும், ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் போகும். அங்கே கிடைத்த தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது உங்கள் பழைய 7 அயர்னையும் எடுத்துச் செல்லுங்கள். 29 டிகிரி கிளப்பை அடிக்கிறீர்கள் என்றால் ஒப்பிடப் பழைய 6 அயர்னும் கையில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பத்துப் பந்துகள் அடித்து, மிக நன்றாகப் போன மூன்றை நீக்கிவிட்டு, மீதி ஏழு எங்கெங்கே விழுந்தன என்று காட்டச் சொல்லுங்கள். அந்த ஏழும் எந்தக் கிளப்பில் நெருங்கி விழுந்திருக்கின்றனவோ, அதற்குப் பணம் கொடுங்கள்.