டிராம் விடலாமா? ரோட்டுக்கு அடியில் கேளுங்கள்

கேள்வி: மெல்போர்னில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஊர் முழுக்க டிராம். சென்னையிலும் 1953 வரை ஓடியதுதானே, மறுபடி விட்டால் என்ன? மெட்ரோ மாதிரி சுரங்கம், தூண் எதுவும் தேவையில்லையே. ஒரு ரோட்டில் டிராம் சரிப்படுமா என்று எப்படித்தான் கணிக்கிறார்கள்?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: மற்ற ஊர்க்காரர்கள் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்ட காலத்தில் மெல்போர்ன்காரர்கள் பிடுங்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். சுமார் 250 கிலோமீட்டர் தடம் கையில் இருப்பது வேறு, வெறும் ரோட்டில் முதல் கிலோமீட்டரைப் போடுவது வேறு.

ரோட்டின் அகலம், ஏற்றம், திருப்பம் எல்லாம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாத சமாசாரம் அடியில் இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாக்கடை, கேஸ், கரன்ட், டெலிபோன் என்று ஆளாளுக்கு அவரவர் இஷ்டத்துக்குப் புதைத்துவிட்டுப் போனவை. தண்டவாளத்துக்கு நேர் கீழே குழாய் உடைந்தால் அதைச் சரிசெய்கிற வரைக்கும் டிராம் நிற்க வேண்டியதுதான், அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஓரத்துக்கு நகர்த்திவிடப் பார்ப்பார்கள். (எங்கள் தெருவில் போன வருடம் தார் போட்ட நாலாம் நாளே கேபிளுக்காகத் தோண்டினார்கள். எது எங்கே ஓடுகிறது என்று தோண்டியவருக்கே தெரியவில்லை.)

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்ததைக் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து ஊரைக் கடந்து நியூஹேவன் கடற்கரை வரை டிராம் விட 54.5 கோடி பவுண்டு ஒதுக்கி, 2011-ல் ஓடும் என்றார்கள். 2007-ல் குழாய்களை நகர்த்த ஆரம்பித்தவர்கள் வரைபடத்தில் இல்லாததையெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள், நடுவில் ஒப்பந்தக்காரர்களோடு சண்டை வேறு, கடைத்தெருக்காரர்கள் வருடக்கணக்கில் புழுதியைத் தின்றார்கள். கடைசியில் 2014 மே மாதம் வண்டி ஓடியபோது செலவு 77.6 கோடி பவுண்டு, தடமோ யார்க் பிளேஸ் என்கிற இடத்தோடு நின்றுவிட்டது. முழுத் தடத்துக்கும் சேர்த்து 27 டிராம்களை ஏற்கெனவே வாங்கியாயிற்று! இது ஏன் இப்படி ஆனது என்று விசாரிக்கப் போட்ட கமிஷன் 2023-ல்தான் அறிக்கை கொடுத்தது.

அதே 2023-ல் மிச்சத் தடத்தையும் நியூஹேவன் வரை முடித்துவிட்டார்கள். ஒரு இடத்தைத் தோண்டினால் குழாய் வேலை, தண்டவாள வேலை இரண்டையும் முடித்துவிட்டுத்தான் மூடுவது என்று வைத்துக்கொண்டார்கள். லீத் பகுதியில் ஒரு தேவாலயத்தின் எதிரே தோண்டியபோது முந்நூற்றுக்கும் மேற்பட்ட பழைய எலும்புக்கூடுகள் கிடைத்தன, அப்படியும் சுமார் 20.7 கோடி பவுண்டு என்ற கணக்குக்குள்ளேயே வேலை முடிந்தது.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2001-ல் வேறு வழி பார்த்தார்கள். கனமில்லாத சின்ன வண்டி, அதற்கு ஓரடி ஆழம் மட்டுமே போகிற கான்கிரீட் பலகை. முடிந்த இடத்திலெல்லாம் குழாயைத் தொடாமலே தண்டவாளம் போட்டார்கள்.

நம் மதராஸும் அடியில்தான் சறுக்கியது. 1895-ல் இங்கே மின்சார டிராம் வந்தபோது ரோட்டுக்குள் பள்ளம் வெட்டி அதன் வழியாகத்தான் கரன்ட் கொடுத்தார்கள். மழைக்காலம் வந்ததும் பள்ளத்தில் தண்ணீர். அப்புறம்தான் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள்.

கேள்வி: தினமும் இத்தனை ஆயிரம் பேர் ஏறுவார்கள் என்று அறிக்கைகளில் போடுகிறார்களே, நம்பலாமா?
- வாசகி, கோவை

பதில்: பாதியை நம்பலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூபியர் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துக் கணிப்பையும் நிஜத்தையும் ஒப்பிட்டு 2005-ல் எழுதினார்கள். அதிலிருந்த 27 ரயில் திட்டங்களில் சராசரியாகப் பார்த்தால் சொன்ன கூட்டத்தில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. திட்டம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவரே கணக்குப் பிள்ளையாகவும் இருந்தால் வேறென்ன ஆகும்?

அந்த ரோட்டில் இப்போதே பேருந்துகள் பிதுங்கி வழிகின்றனவா என்று பாருங்கள். எடின்பரோ டிராம் கிட்டத்தட்ட 43 மீட்டர் நீளம், ஒரே ஓட்டுநர், 250 பேர் ஏறலாம். அத்தனை பேர் இருக்கிற ரோட்டுக்கு அது லாபம். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதுவும் பாதி காலியாகப் போகிற ரோட்டுக்கு டிராம் விட்டால் காலி இருக்கைகள்தான் கூடும்.

கேள்வி: ரோட்டில் மற்ற வண்டிகளோடு சேர்ந்தே ஓடட்டுமே, எதற்குத் தனி லேன்?
- வாசகர், மதுரை

பதில்: வாஷிங்டனில் அப்படித்தான் விட்டார்கள். எச் ஸ்ட்ரீட்டில் சுமார் மூன்றரை கிலோமீட்டர், 2016-ல் ஆரம்பித்தது, டிக்கெட்டே கிடையாது. ஓரமாக நிறுத்துகிற கார் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றாலும் டிராம் நின்றுவிடும், பேருந்து மாதிரி ஒடித்துத் திருப்பிக்கொண்டு போக முடியாது, காரை இழுக்க ஆள் வர வேண்டியிருந்தது. 2025-ல் மேயரே டிராமுக்குப் பதில் மின்சாரப் பேருந்து விடலாம் என்று சொல்லிவிட்டார்.

நம் ஊரில் கார் மட்டுமா? மாடு, இளநீர் வண்டி, கல்யாண ஊர்வலம். உங்கள் ஊர் மாசி வீதிகளில் டிராம் கேட்டால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சித்திரைத் தேர் வரும் நாளில் மேலே கட்டிய கம்பியை என்ன செய்வீர்கள்?