பெரியவர்கள், குழந்தைகள் இரண்டுக்கும் சேர்த்து நர்ஸிங்: நான்காவது வருடம் தேவையா?

கேள்வி: நான் சேலத்தில் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்தவள். இப்போது லண்டனில் க்ராய்டன் பக்கம், பெரியவர்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மகள் ஏ லெவல் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) படிக்கிறாள், நர்ஸிங்தான் என்று உறுதியாக இருக்கிறாள். முதலில் குழந்தைகள் நர்ஸிங், மூன்று வருடப் படிப்பு என்றாள். இப்போது பெரியவர்கள், குழந்தைகள் இரண்டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பைப் பார்த்துவிட்டு அதற்கே போகிறேன் என்கிறாள். இரண்டு துறையிலும் நர்ஸாகப் பதிவு இருந்தால் வேலைக்குப் பாதுகாப்பு என்று எனக்கும் படுகிறது. ஆனால் எங்கள் வார்டு சிஸ்டர், இரண்டிலும் அரைகுறையாகிவிடும் என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: பாதுகாப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம். இரண்டு வயதினரும் ஒரே வாசலில் வந்து நிற்கும் இடத்தில் வேலை செய்ய அவளுக்கு உண்மையிலேயே ஆசை என்றால், தாராளமாகச் சேருங்கள். சிஸ்டர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதி எது என்று கீழே சொல்கிறேன்.

நாம் இந்தியாவில் படித்தபோது இந்தக் கேள்வியே கிடையாது. நான்கு வருடத்தில் பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், பிரசவம் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டுக்கும் சேர்த்தே பதிவு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். இங்கே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு துறை, பதினேழு பதினெட்டு வயதிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இதைக் கேட்டதும் ‘ஒன்றை விட்டால் இன்னொன்று போய்விடுமே’ என்று ஒரு பதற்றம் வரும், நான்கு வருடப் படிப்பைப் பார்த்ததும் அது அடங்கும். உங்கள் கடிதத்திலும் அதுதான் தெரிகிறது. அந்தப் பதற்றத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படிப்பை மட்டும் பாருங்கள்.

இந்தப் படிப்பில் உண்மையில் கடினமான விஷயம் பாடத்தின் அளவு இல்லை. ஒரே கண்ணால் இரண்டு விதமாகப் பார்க்கப் பழகுவதுதான். நான் பல வருடம் எமர்ஜென்சியில் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, இப்போது பிளேஸ்மென்ட்டுக்கு, அதாவது நேரடிப் பயிற்சிக்கு, வரும் மாணவர்களை மதிப்பிடுகிறேன். ஒருமுறை இரட்டைப் படிப்பு மாணவி ஒருத்தி, பெரியவர்கள் வார்டில் பத்து வாரம் முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். நல்ல பெண், கவனமானவள். ஏழு மாதக் குழந்தை, மூச்சுத்திணறலோடு வந்தது, ராத்திரி முழுக்க 160க்கு மேல் ஓடிய நாடி விடியற்காலையில் 80க்கு இறங்கியிருந்தது. அவள் என்னிடம் வந்து ‘பல்ஸ் செட்டிலாகிவிட்டது’ என்றாள், முகத்தில் நிம்மதி. பெரியவர்கள் வார்டில் 80 என்றால் நிம்மதிதான். அந்த வயதுக் குழந்தைக்கு 130 சாதாரணம், அவ்வளவு திணறிக்கொண்டிருந்தது 80க்கு வந்தால் அது களைத்து விழப்போகிறது என்று அர்த்தம். ஓடினோம், குழந்தை பிழைத்தது. அவளைக் குறை சொல்லவில்லை. பத்து வாரமாக அவள் கண்ணுக்கு ஒரு அளவுகோலைப் பழக்கிவிட்டு, ஒரே நாளில் வேறொன்றை எடுத்துக்கொள் என்றால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

இப்படி எத்தனையோ. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும், உங்களுக்குக் கைவந்த நியூஸ்-2 சார்ட் பதினாறு வயதிலிருந்துதான். அதற்குக் கீழே பியூஸ் என்று தனி சார்ட், இங்கிலாந்து முழுவதற்குமான ஒன்று 2023இல் வந்தது, அதிலும் வயதுக்குத் தகுந்தபடி நான்கு தாள், கூடவே ‘பெற்றோருக்குக் கவலை இருக்கிறதா’ என்று கேட்டு எழுத ஓர் இடம். பெரியவருக்கு பாராசிட்டமால் ஒரு கிராம் என்று கை தானாகப் போகும், குழந்தைகள் பக்கம் ஏராளமான மருந்துகளுக்குக் கிலோ கணக்கில் எடை பார்த்துக் கணக்குப் போட வேண்டும், ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு போய்விடும். மூச்சு நின்றால் பெரியவருக்கு 30 அழுத்தம் 2 ஊதல், குழந்தைக்கு முதலில் 5 ஊதல், பிறகு 15க்கு 2. பெரியவரின் சம்மதம் என்றால் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், பதினாறுக்குக் கீழே என்றால் 1985இல் வந்த கில்லிக் தீர்ப்பை வைத்து, இந்தப் பிள்ளைக்குப் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். தூக்கக் கலக்கத்தில் ராத்திரி மூன்று மணிக்கு எந்தச் சார்ட் என் கையில் இருக்கிறது என்று சந்தேகப்படும் பழக்கம்தான் நாள் எடுக்கும்.

அதனால்தான் கல்லூரியின் பெயரைவிட பிளேஸ்மென்ட் பிரித்திருக்கும் விதம் முக்கியம் என்கிறேன். மூன்று வருட நர்ஸிங் படிப்புக்கே, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சியின் கணக்கு 4,600 மணி நேரம், பாதி வகுப்பு, பாதி நோயாளிகள் பக்கம். இரண்டு துறை என்பதால் இது 9,200 ஆகிவிடாது, பொதுவானவை பொதுவாகவே போகும். கூடுதல் வருடத்துக்குள் இரண்டு துறையின் தேவையையும் முடிக்க வேண்டும். இதை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம். ஓப்பன் டேயில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது மகளை இதைக் கேட்கச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் தனித்தனியாக எத்தனை வாரம், குழந்தைகள் பக்கம் என்றால் தீவிரமாக நோயுற்ற குழந்தைகள் இருக்கும் வார்டா அல்லது நர்சரி, பள்ளி போன்ற இடங்களையும் சேர்த்துச் சொல்கிறார்களா, கடைசி வருடத்தில் இரண்டு துறையிலும் பொறுப்பெடுத்துச் செய்யும் நீண்ட பிளேஸ்மென்ட் உண்டா, குழந்தைகள் பக்கம் மதிப்பிடுபவர் குழந்தைகள் நர்ஸா. பளிச்சென்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. ‘எல்லா வாய்ப்பும் கிடைக்கும்’ என்று பொதுவாகச் சொன்னால், இப்போது படித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் வருட மாணவியைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், அவள் உள்ளதைச் சொல்வாள்.

சரி, சிஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். படிக்கும்போது அரைகுறையாகிவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இரண்டு துறையிலும் தேறாமல் இரண்டு பதிவு தர மாட்டார்கள். வேலைக்குப் போன பிறகு ஒன்று மங்கும் என்பது உண்மை. புதிதாக வந்த நர்ஸுக்கு முதல் ஒன்றரை இரண்டு வருடத்தில்தான் கை நிலைக்கும், அதைப் பெரியவர்கள் அறுவை சிகிச்சை வார்டில் கழித்தால் அவள் பெரியவர்கள் நர்ஸாகிவிடுவாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷனில் 450 மணி நேரம் நர்ஸாக வேலை பார்த்ததைக் காட்ட வேண்டும். நர்ஸ், மிட்வைஃப் இரண்டாகவும் தொடர்பவர்களுக்குத்தான் 900. பெரியவர்கள், குழந்தைகள் என்று இரண்டு துறை வைத்திருப்பவருக்கு அதே 450 போதும். அதாவது குழந்தைகள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பத்து வருடம் இருந்தாலும் பதிவு அப்படியே இருக்கும், ஆனால் கை மறந்திருக்கும். நீங்கள் சொல்லும் ‘பாதுகாப்பு’ இதனால்தான் எனக்கு உறுத்துகிறது. பதிவை நம்பி ஆறாவது வருடம் குழந்தைகள் வார்டுக்கு மாறப் பார்த்தால், அவள் மறுபடி புதியவளாகத்தான் நிற்பாள்.

இரண்டு பதிவும் உயிரோடு இருக்கும் இடங்கள் இருக்கின்றன. எமர்ஜென்சி முதலில். குழந்தைகளைப் பார்க்கும் எமர்ஜென்சியில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழந்தைகள் நர்ஸ் இரண்டு பேராவது வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2018இல் வைத்த அளவு. இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய நர்ஸ் அங்கே எவ்வளவு பயன்படுவாள் என்று நானே பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர், மயக்கம் தெளியும் ரிக்கவரி அறை, பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்குமான புற்றுநோய்ப் பிரிவு, இவையும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று, வெளியே பலருக்குத் தெரியாதது: குழந்தைப் பருவத்திலிருந்தே நோயோடு வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறும் காலம். சிக்கிள் செல், டைப் 1 சர்க்கரை, சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ், பிறவி இதயக் கோளாறு, வலிப்பு. பதினாறு பதினேழு வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நர்ஸையும், பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன அம்மாவையும் விட்டுவிட்டு, ஒருநாள் தனியாக ஒரு பெரிய காத்திருப்பு அறையில் போய் உட்கார வேண்டும். இந்த இடைவெளியில்தான் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், ஊசியை விட்டுவிடுகிறார்கள், பிறகு ஆம்புலன்ஸில் வருகிறார்கள். பதிமூன்று பதினான்கு வயதிலேயே இந்த மாற்றத்துக்குத் திட்டமிட வேண்டும், பிள்ளைக்கென்று பொறுப்பான ஒருவர் இருக்க வேண்டும் என்று, சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016இலேயே வழிகாட்டியது. இரண்டு உலகமும் தெரிந்த நர்ஸ் இந்த வேலைக்கென்றே படித்தவள் மாதிரி. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கண் விரிந்தால் நான்கு வருடத்துக்கு அனுப்புங்கள்.

இரட்டைப் பதிவு தேவையே இல்லாத இடங்களும் உண்டு, தெரியாமல் பலர் ஒரு வருடம் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். பிறந்த குழந்தைகள் பிரிவில் வேலை செய்யத்தான் ஆசை என்றால், அங்கே பெரியவர்கள் நர்ஸ், குழந்தைகள் நர்ஸ் இருவரையும் எடுக்கிறார்கள். ஹெல்த் விசிட்டர் (வீடுகளுக்குப் போய்ச் சின்னக் குழந்தைகளின் நலனைக் கவனிப்பவர்) ஆக வேண்டும் என்றால் எந்தத் துறை நர்ஸும் மேற்கொண்டு அதற்கான படிப்பைப் படித்துப் போகலாம். குழந்தைகள் மருத்துவமனையை விட்டு நகர மாட்டேன் என்று அவள் உறுதியாக இருந்தால், மூன்று வருடக் குழந்தைகள் நர்ஸிங் நேர்வழி. ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸ், முன்பு படித்ததைக் கணக்கில் காட்டிச் சுருக்கமான காலத்தில் இரண்டாவது துறையையும் படிக்க வழி இருக்கிறது, எல்லா ஊரிலும் கிடைக்காது, கிடைத்தாலும் வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு திரும்ப மாணவியாவது லேசில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

பணம். இங்கிலாந்தில் 2025-26இல் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டாக இருந்தது, ஆக நான்காவது வருடத்தில் ஏறக்குறைய அவ்வளவு கடன் கூடும். அரசு மருத்துவ அமைப்பான என்எச்எஸ் தரும் 5,000 பவுண்டு உதவித்தொகை ஒவ்வொரு வருடமும் உண்டு, திருப்பித் தர வேண்டாம், பிளேஸ்மென்ட்டுக்குப் போய்வர ஆகும் கூடுதல் செலவையும் கேட்டு வாங்கலாம், பலர் ரசீதை வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். படிப்புக் கடனை 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதமாகப் பிடிப்பார்கள், 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. கடனைவிட நான் பெரிதாக நினைப்பது ஒரு வருடச் சம்பளம். புதிய நர்ஸின் சம்பளப் படியான பேண்ட் 5இன் ஆரம்பம் 2025-26இல் 31,049 பவுண்டாக இருந்தது, மூன்று வருடம் படித்தவள் அந்தப் படியில் சம்பளம் வாங்க ஆரம்பித்திருப்பாள். நான்கு வருடப் படிப்புக்குச் சில இடங்களில் மாஸ்டர்ஸ் பட்டம் தருகிறார்கள், அதற்கும் ஆரம்பச் சம்பளம் அதே பேண்ட் 5தான். இதெல்லாம் அவளுக்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் மூன்று வருட வசிப்பும் இருந்தால். விசாவில் இருந்தால் கட்டணமே வேறு, முதலில் அதைப் பாருங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இரட்டைப் படிப்புக்கு ஒரு பலம் சேரும். பல நாடுகளில், நம் ஊர் மாதிரியே, பொது நர்ஸ் என்ற பதிவுதான் அடிப்படை, குழந்தைகள் மட்டும் படித்தவரிடம் மற்றதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். பக்கத்து அயர்லாந்தில் பள்ளி முடித்தவுடன் குழந்தைகள் நர்ஸிங்கை மட்டும் தனியாகப் படிக்கவே முடியாது, பொது நர்ஸிங்கோடு சேர்த்து நாலரை வருடம், இரண்டு பதிவு. அவர்களுக்கு அது வழக்கமான படிப்பு.

விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் வரும். பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸில் ஐந்து இடம் போடலாம், எழுதும் தன்விவரம் ஐந்துக்கும் ஒன்றேதான். மூன்றில் குழந்தைகள் நர்ஸிங், இரண்டில் இரட்டைப் படிப்பு என்று போட்டுவிட்டுக் குழந்தைகளைப் பற்றி மட்டும் எழுதினால், இரட்டைப் படிப்பு நேர்காணலில் ‘பெரியவர்கள் எதற்கு’ என்று கட்டாயம் கேட்பார்கள். ‘வேலை வாய்ப்பு அதிகம்’ என்ற பதில் அங்கே எடுபடாது. இந்த விடுமுறையில் ஒரு முதியோர் இல்லத்தில் சில வாரம் உதவிக்குப் போகச் சொல்லுங்கள், சாப்பாடு ஊட்டுவது, கூட உட்கார்ந்து பேசுவது, எதுவானாலும். திரும்பி வந்து அங்கிருந்த தாத்தா பாட்டிகளைப் பற்றி அவள் எப்படிப் பேசுகிறாள் என்று கேளுங்கள். வாய் ஓயாமல் பேசினால் ஐந்திலும் இரட்டைப் படிப்பையே போடட்டும். எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தால், ஐந்திலும் குழந்தைகள் நர்ஸிங்.