மனசு மாறுவது எப்போது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 43. சர்க்கரை இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடக்க வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது, ஆனால் காலையில் விழிப்பு வந்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று புரண்டு படுத்துவிடுகிறேன். பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சம்பவம் நடந்து, அதோடு ஆளே மாறிவிட்டார்கள் என்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்று எப்போது நடக்கும்?
– வாசகர், தேனி

பதில்: அதற்காகக் காத்திருக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, மதுரை மேலமாசி வீதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அங்கே ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். மதுரைப் பக்கத்து ஏழைகளைப் பார்த்தார், மறுநாளே மாறிவிட்டார் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அவரே எழுதியதைப் படித்தால் கதை அப்படி இல்லை. அந்த எண்ணம் அதற்கு முன்பே இரண்டு முறை வந்து போயிருக்கிறது. வங்காளத்தில் குல்னா பஞ்சத்தின்போது, ஜனங்கள் பசியிலும் உடுத்தத் துணியில்லாமலும் சாகிறார்கள், நீங்கள் அந்நியத் துணியைக் கொளுத்திக்கொண்டிருக்கிறீர்களே என்று அவரைக் குத்திக்காட்டினார்கள். அப்போதே சட்டையையும் வேட்டியையும் அந்த மக்களுக்கு அனுப்பிவிடலாமா என்று தோன்றியிருக்கிறது, ஆனால் அதில் தன் அகந்தையும் கலந்திருப்பதாக நினைத்து அடக்கிக்கொண்டார். இரண்டாவது, கூட வந்த மௌலானா முகமது அலி கைதானபோது. மூன்றாவதுதான் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயில். பெட்டியில் இருந்தவர்களிடம் கதர் உடுத்துங்கள் என்றார். நாங்கள் ஏழைகள், கதர் விற்கிற விலைக்கு எப்படி வாங்குவது என்று தலையை ஆட்டிவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த அவர் உடம்பில் சட்டை, தொப்பி, முழு வேட்டி எல்லாம் இருந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொரு விஷயம். ஆயுள் முழுக்க இப்படித்தான் இருப்பேன் என்று அவர் அன்றைக்கு அறிவிக்கவில்லை. குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். நாற்பது நாள்கூட இல்லை! அதே உடையில்தான் 1931-இல் லண்டன் அரண்மனைக்குப் போய் அரசரைப் பார்த்தார், 1948-இல் சாகும்வரை அதே உடைதான்.

அதனால் ஆறு வருடம் வீணாகப் போச்சு என்று நினைக்காதீர்கள், எண்ணம் உங்களுக்கும் வந்து வந்து போயிருக்கிறது. வாழ்நாள் பூராவும் நடப்பேன் என்று சபதம் எல்லாம் வேண்டாம். இந்த மாதக் கடைசி வரைக்கும், இருபது நிமிடம், உங்கள் வீட்டு வாசலிலிருந்து எந்தக் கடை வரை என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். காலையில் எழ முடியவில்லையா, ராத்திரி சாப்பிட்ட பிறகு நடங்கள். எந்த நேரம் ஒத்துவரும் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மாமா திடீரென்று இறந்தபோது நானும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதோம், இனிமேல் சொத்துக்காகச் சண்டை போடவே கூடாது என்று பேசிக்கொண்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பழையபடி ஆரம்பித்துவிட்டது. மனித மனசு இவ்வளவுதானா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: புராணம் கேட்கும்போதும், பிரசவ வலியிலும், சுடுகாட்டிலும் வருகிற உறுதி சீக்கிரமே கரைந்துவிடும் என்று, புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என நம்மவர்கள் மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஊர் இதைக் கேலியாகத்தான் சொல்லும், எனக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அழுதது நிஜம். மறுநாள் காலையில் செய்வதற்கு ஒரு வேலை இல்லாமல் போனதுதான் குறை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார், சின்ன வயசு. அந்தத் துக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் வெளிப்படையாகச் சொன்னார். 1952-இல் அடிக்கல், நேரு நாட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது. சொன்னதற்கும் திறந்ததற்கும் நடுவில் மட்டும் பத்தொன்பது வருடம்! வெறும் துக்கம் அவ்வளவு காலம் தாங்காது. நன்கொடை திரட்டுவது, இவரைப் பார்ப்பது, அவருக்கு எழுதுவது என்று கைக்கு வேலை இருந்துகொண்டே இருந்ததால்தான் அந்த நினைவும் ஆறாமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் இன்னும் கெட்டுப்போகவில்லை. மாமாவின் வருஷத் திதிக்கு இரண்டு பேரும் வருவீர்கள்தானே? அதற்கு முன்னாலேயே தம்பிக்கு ஒரு போன் போட்டு, அன்றைக்குப் பத்திரங்களை எடுத்து வா, இன்ன பெரியவரை நடுவில் வைத்துப் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். நீங்களே முதலில் கூப்பிடுங்கள், அக்கா கூப்பிட்டால் எந்தத் தம்பிக்கும் கொஞ்சம் இளகத்தான் செய்யும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் சிகரெட்டை விடவே மாட்டேன் என்கிறார். பாக்கெட்டில் போட்டிருக்கிற படத்தைக் காட்டியும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன்.
– வாசகி, கரூர்

பதில்: நீங்கள் விடச் சொல்லும் பக்கத்தில் நின்றால் அவர் தானாக எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார். 1980-களில் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்தபோது இதைக் கவனித்து, வாதாடுவதை விட்டுவிட்டு அவர்கள் வாயாலேயே காரணத்தைச் சொல்ல வைக்கும் ஒரு முறையை உருவாக்கினார். அதில் ஒரு கேள்வி வீட்டிலும் கேட்கக்கூடியது. சண்டை இல்லாத ஒரு நேரத்தில், “சிகரெட்டை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?” என்று கேளுங்கள். மூன்று என்பார். ஏன் பத்து இல்லை என்று கேட்டுவிடாதீர்கள், உடனே சாக்குகள் வரும். “ஏன் ஒன்னு சொல்லாம மூணு சொன்னீங்க?” என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதில் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதாக இருக்கலாம், பிள்ளை பார்க்கிறானே என்ற கூச்சமாக இருக்கலாம். எதுவானாலும் அது அவருடைய காரணம். நடுவில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு ஐந்து வருடமாகப் படிக்கிறேன். விட்டுவிட நினைத்தால் ஐந்து வருடமும் போய்விடுமே என்று இருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, தொடர்ந்து படித்தாலும் அந்த ஐந்து வருடம் திரும்பி வராது. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒன்றை யோசியுங்கள்: இன்றைக்குத்தான் முதல் தடவை விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் வயசுக்கும் வீட்டு நிலைமைக்கும் இந்தத் தேர்வைத் தேர்ந்தெடுப்பீர்களா? ஆமாம் என்று மனசு சொன்னால் படியுங்கள், ஆனால் இன்னும் எத்தனை தேர்வு என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ரிசல்ட் வந்த அன்று முடிவு செய்யாதீர்கள், அன்றைக்கு யாருக்கும் புத்தி சரியாக ஓடாது. இல்லை என்று சொன்னால், அப்பாவிடம் போவதற்கு முன்னால் இரண்டு வேலைக்காவது விண்ணப்பம் போட்டுவிடுங்கள். விட்டுவிடப் போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அவர் பயந்துபோவார். திங்கட்கிழமை இன்ன இடத்தில் நேர்முகத் தேர்வு இருக்கிறதுப்பா என்று சொல்லுங்கள், எத்தனை மணிக்குப் பஸ் என்று அவரே கேட்பார்.