மாற்று வேட்பாளரும் தோற்கும் தொகுதியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோ நாடாளுமன்றத்தில் சரிபாதி பெண்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊராட்சியில் தலைவர் பெண்தான். கையெழுத்து அவருடையது, கூட்டத்தில் பேசுவது அவர் கணவர். மெக்சிகோவில் மட்டும் இது நடக்காதா? சட்டம் போட்டால் கட்சிக்காரர்கள் சந்து கண்டுபிடிக்காமலா இருப்பார்கள்? பிரான்ஸில் பெண்களை நிறுத்தாத கட்சிக்கு அபராதமாம். ஒதுக்கீட்டைவிட அது மேல் இல்லையா?

ச., கரூர்

அன்புள்ள ச.,

சந்து கண்டுபிடித்தார்கள், ஒன்றல்ல, பல. நாம் தடுக்கில் பாய்ந்தால் கோலத்தில் பாய்கிறவர்கள் எல்லா நாட்டுக் கட்சிகளிலும் உண்டு. மெக்சிகோவில் ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் யாரோ வழக்குப் போட்டார்கள், விதி திருத்தப்பட்டது. அவர்களுடைய சட்டத்தில் பார்க்க வேண்டியது 50 என்ற எண்ணை அல்ல, அதற்குக் கீழே உள்ள துணை விதிகளை.

அங்கே ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு மாற்று வேட்பாளரோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும். நம்மூர் மாற்று வேட்பாளருக்கு மனு பரிசீலனையோடு வேலை முடிந்துவிடும். அங்கே அவர் பெயரும் வாக்குச்சீட்டில் இருக்கும். வென்றவர் விடுப்பில் போனால் இடைத்தேர்தல் கிடையாது, மாற்று வேட்பாளர் நேராக வந்து உட்கார்ந்துகொள்வார். 2008ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பாலினமும் வேட்பாளர்களில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றது. மாற்று வேட்பாளரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 2009 செப்டம்பரில் புதிய அவை கூடிய கையோடு எட்டுப் பெண் உறுப்பினர்கள் விடுப்புக் கேட்டார்கள். அந்த நாற்காலிகளுக்கு வந்தவர்கள் ஆண்கள், அவர்களில் சிலர் சொந்தக் குடும்பத்தார். பத்திரிகைகள் இந்தப் பெண்களை ‘ஹுவானிட்டாக்கள்’ என்று அழைத்தன. அதே ஆண்டு மெக்சிகோ நகரின் இஸ்தபலாபா பகுதியில், ஜெயித்தால் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி நின்ற ‘ஹுவானிட்டோ’ என்பவரை வைத்து வந்த பட்டப்பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், அவர் விலகுவதாகச் சொன்னது கிளாரா புருகாடா என்ற பெண்ணுக்காக. அந்தப் பெண்மணி 2024இல் மெக்சிகோ நகரத்தின் ஆட்சித் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. உட்கட்சித் தேர்தல் நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கட்சிக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு. ‘நாங்கள் ஜனநாயக முறையில்தான் தேர்ந்தெடுத்தோம்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். பல கட்சிகளைச் சேர்ந்த பெண்கள் ஒன்றுசேர்ந்து தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2011 நவம்பரில் வந்த தீர்ப்பு இரண்டையும் அடைத்தது: விலக்கு கிடையாது, பெண் வேட்பாளருக்கு மாற்று வேட்பாளரும் பெண்ணாகவே இருக்க வேண்டும். 2009இல் 28 சதவீதத்தை எட்டாத பெண்களின் பங்கு 2012 தேர்தலில் 37 சதவீதமானது. சட்டத்தின் எண்ணில் மாற்றமே இல்லை, 40 அப்படியே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த தந்திரம் தோற்கும் தொகுதி. டெபாசிட் போகிற இடமாகப் பார்த்துப் பெண்ணை நிறுத்துவது நமக்கும் தெரியாததல்ல. 2014இல் அரசியல் சாசனமே சரிபாதி வேட்பாளர்கள் என்று சொன்னபோது, அரசியல் கட்சிகளுக்கான சட்டத்தில் ஒரு வரியும் சேர்ந்தது: முந்தைய தேர்தலில் கட்சி மிகக் குறைவாக வாக்கு வாங்கிய தொகுதிகளை ஒரே பாலினத்துக்குத் தள்ளிவிடக் கூடாது. இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஒரு கட்சி போன முறை போட்டியிட்ட தொகுதிகளை வாக்குச் சதவீதப்படி கீழிருந்து மேலாக வரிசைப்படுத்துவார்கள். மூன்றாகப் பிரித்துக் கீழ், நடு, மேல் என்று வைப்பார்கள். கீழ்ப் பகுதியில் பெண்கள் குவிந்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு அதிலேயே அடிமட்டத்தில் உள்ள 20 தொகுதிகளைத் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். காகிதமும் பழைய தேர்தல் முடிவும் கையில் இருந்தால் இந்தக் கணக்கை எந்த நாட்டுக் கட்சிக்கும் போட்டுவிடலாம். நம் கட்சிகளுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள், வேட்பாளர் பட்டியல் வேறு மாதிரி தெரியும்.

பட்டியல் சரியில்லை என்றால் என்ன செய்வார்கள்? திருத்த 48 மணி நேரம் தருவார்கள். திருத்தாவிட்டால் பகிரங்கக் கண்டனம், கூடவே இன்னும் 24 மணி நேரம். அதற்கும் மசியாவிட்டால் பதிவு மறுக்கப்படும். எந்தத் தொகுதியின் வேட்பாளர் போவார் என்பதைக் கட்சி சொல்ல முடியாது, குலுக்கல் போடுவார்கள். தலைவரின் மகனாக இருந்தாலும் சீட்டு போகலாம் என்ற பயம் இருக்கிறதே, அதுதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. 2018இல் 500 பேரில் 241 பெண்கள், 2021இல் சரியாக 250.

இதற்கு நடுவிலும் பாய்ச்சல் நிற்கவில்லை. 2018இல் வஹாகா மாநிலத்தில் 17 பேர் தங்களைத் திருநங்கைகளாகப் பதிந்துகொண்டு பெண்களின் கணக்கில் மனுப் போட்டார்கள். முஷே என்று அங்கே அழைக்கப்படும் மூன்றாம் பாலினத்தவரே இதை எதிர்த்துப் போனார்கள். 15 பேரின் மனுவைத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. அதே ஆண்டு சியாபாஸ் மாநிலத்தில் தேர்தல் முடிந்ததும் பெண் உறுப்பினர்கள் வரிசையாக ராஜினாமா செய்தார்கள். பெண் விட்ட இடம் பெண்ணுக்கே என்று தேர்தல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

பிரான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான், ஆனால் தண்டனை இரண்டு விதம். 3,500 பேருக்கு மேல் உள்ள ஊர்களின் உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் சரியில்லை என்றால் பட்டியலே தள்ளுபடி. நாடாளுமன்றத் தேர்தலில் அபராதம் மட்டும். விளைவு: 2001 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊர்களில் பெண்கள் 47 சதவீதத்துக்கு மேல். 2002 நாடாளுமன்றத்தில் 577 பேரில் 71 பெண்கள், 12.3 சதவீதம். அதற்கு முந்தைய அவையில் 10.9. ஏன் இப்படி? அரசு கட்சிகளுக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கு வாங்கிய வாக்குக்கு, இன்னொரு பங்கு வென்ற இடத்துக்கு. அபராதம் முதல் பங்கில் மட்டுமே கழியும். நிறைய இடம் ஜெயிக்கிற பெரிய கட்சி, பழகிய ஆண் உறுப்பினரையே நிறுத்திவிட்டு அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டது. வாக்குப் பணத்தையே நம்பிய சின்னக் கட்சிகள்தான் ஒழுங்காக நடந்தன. 2014இல் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள், 2017இல் பெண்கள் 38.8 சதவீதம் வரை வந்தார்கள். 2024இல் அது 36க்கு இறங்கிவிட்டது. ஆக, அபராதம் மேல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காசு கொடுத்து மீறலாம் என்றால் காசுள்ள கட்சி மீறத்தான் செய்யும்.

உங்கள் ஊராட்சித் தலைவரின் கணவர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. இந்தியாவில் ‘ஹுவானிட்டா’ நடக்காது. ஒதுக்கிய இடத்தில் ஒருவர் விலகினால் இடைத்தேர்தலிலும் பெண்தான் நிற்க முடியும். அதனால்தான் கணவர் நாற்காலியில் உட்காராமல் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். மெக்சிகோவிலும் நகராட்சி மட்டத்தில் மிரட்டலும் பின்னாலிருந்து நடத்துவதும் ஓயவில்லை. 2020இல் பெண்களுக்கு எதிரான அரசியல் வன்முறையைத் தனிக் குற்றமாக்கினார்கள், தண்டிக்கப்பட்டவர்கள் பெயரைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். பணம் வராத பெண் வேட்பாளர் யாரையாவது நம்பித்தானே ஆக வேண்டும்? அதனால் கட்சிகள் பிரசாரத்துக்கு அரசிடமிருந்து பெறும் பணத்திலும் வானொலி, தொலைக்காட்சி நேரத்திலும் 40 சதவீதத்துக்குக் குறையாமல் பெண்களுக்குப் போக வேண்டும் என்ற விதியும் அப்போது வந்தது. என் பார்வையில் ‘கணவர் தலைவர்’களுக்கு எதிராக அதிகம் உதவக்கூடியது இந்தக் கடைசி விதி.

நம்முடைய அரசியல் சாசனத்தின் 106ஆவது திருத்தம், 2023, மெக்சிகோ வழியில் போகவில்லை. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைத்தான் அது ஒதுக்குகிறது. ஒதுக்கிய தொகுதியில் எல்லாக் கட்சியும் பெண்ணையே நிறுத்த வேண்டும் என்பதால் தோற்கும் தொகுதி தந்திரத்துக்கு அங்கே இடமில்லை, அது நல்லது. ஆனால் ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகும் ஒதுக்கீடு வேறு தொகுதிகளுக்கு மாறும். மாநிலங்களவைக்கு இது பொருந்தாது. மீதி மூன்றில் இரண்டு பங்கு தொகுதிகளில் ஒரு கட்சி ஒரு பெண்ணைக்கூட நிறுத்தாவிட்டால், ஏன் என்று கேட்க அதில் ஒரு விதியும் இல்லை.