லிக்விட் லேஅவுட் எதுவரை இளகலாம்?

கேள்வி: நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்காக என் பாடக் குறிப்புகளை ஒரு வலைத்தளத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அதைச் செய்து தந்த தம்பி, "முழுக்க லிக்விட் லேஅவுட் டீச்சர், எந்தத் திரையிலும் பொருந்திக்கொள்ளும்" என்றார். ஆனால் செல்போனில் அட்டவணை உள்ள பக்கங்கள் பக்கவாட்டில் நழுவுகின்றன. மின்சுற்றுப் படங்களில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியவில்லை. வகுப்பறையின் பெரிய திரையிலோ வரிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகின்றன. நாங்கள் பாடத்தில் சொல்லும் திரவமும் இவர்கள் சொல்லும் திரவமும் ஒன்றுதானா? தம்பியிடம் என்ன திருத்தச் சொல்வது?

பதில்: திரவத்துக்குச் சொந்த வடிவம் கிடையாது, ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். தம்பிக்கு இந்தப் பாதி நன்றாக நினைவிருக்கிறது டீச்சர். திரவத்துக்குச் சொந்தக் கனஅளவு உண்டு என்ற மறுபாதியைத்தான் விட்டுவிட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் தாம்பாளத்திலும் ஒரு லிட்டர்தான், சொம்பிலும் ஒரு லிட்டர்தான். தாம்பாளத்தில் பரந்து கிடந்தது சொம்பில் உயர்ந்து நிற்கும், அவ்வளவே.

வலைப்பக்கத்தில் இப்படி நடந்துகொள்வது உரை மட்டும்தான். எழுத்தின் அளவை மாற்றாமல் 640 பிக்சல் அகலமும் 800 உயரமும் கொண்ட ஒரு பத்தியை 320 பிக்சல் அகலத்துக்குள் ஊற்றுங்கள். உயரம் ஏறத்தாழ 1600 ஆகும். பரப்பு மாறவில்லை. கறாராகச் சொன்னால் 1600-ஐவிடக் கொஞ்சம் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடுத்த சொல் நுழைய இடமில்லாமல் சிறிது வெற்றிடம் மிஞ்சும். நம் தமிழ்ச் சொற்கள் விகுதி மேல் விகுதி ஏறி நீண்டுகொண்டே போவதால் அந்த வெற்றிடம் நமக்கு அதிகம்.

படம் அப்படியில்லை. அகலத்தைப் பாதியாக்கினால் உயரமும் பாதியாகி, பரப்பு கால்வாசியாகிவிடும். அழுத்தினால் சுருங்கும் வாயு மாதிரி. அட்டவணை எதற்கும் அசையாத திண்மம்: நான்கு நிரல்களுக்கு வேண்டிய அகலம் இல்லையென்றால் திரையைத் துருத்திக்கொண்டு வெளியே நிற்கும். ஆக உங்கள் பக்கம் சுத்தமான திரவம் இல்லை. கூழாங்கல்லும் தண்ணீரும் நுரையும் கலந்த ஒரு வாளி. தம்பி மூன்றுக்கும் சதவீதக் கணக்கு ஒன்றையே போட்டுவிட்டார்.

அவர் மேல் முழுப்பழியும் போட வேண்டாம். அந்தத் துறையிலேயே இந்தச் சொல் பாதி அர்த்தத்தோடுதான் பிறந்தது. 1990களின் பிற்பகுதியில் கிளென் டேவிஸ் என்பவர் பக்கங்களை ஐஸ், ஜெல்லோ, லிக்விட் என்று மூன்றாகப் பிரித்துப் பேசினார். பிக்சலில் உறைந்து நிற்பது ஐஸ். நடுவில் தளும்பிக்கொண்டு நிற்பது ஜெல்லோ, அதாவது ஜெல்லி. திரை முழுவதும் பரவுவது லிக்விட். அப்போது திரைகளின் அகலம் 640 முதல் 1024 பிக்சல்வரைதான் பெரும்பாலும், அதனால் பரவ விட்டாலும் பெரிய கேடு வரவில்லை. இன்று பிள்ளைகள் கையில் 360, உங்கள் வகுப்பறைச் சுவரில் 1920. அந்த 1920-இல் 90 சதவீதம் என்றால் 1728 பிக்சல் அகலத்துக்கு ஒரே வரி. கண் ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடுவதற்குள் வழி தவறிவிடும்.

எனவே முதல் திருத்தம், உரைக்கு ஒரு கரை. "மேக்ஸ்-விட்த் 40 ரெம்" என்று தம்பியிடம் சொன்னால் போதும். மேக்ஸ்-விட்த் என்றால் அதிகபட்ச அகலம், ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு; 40 ரெம் வழக்கமாக 640 பிக்சல். இங்கே ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து அவர் "65 சிஎச்" என்று போட வாய்ப்புண்டு. சிஎச் என்பது சுழியம் என்ற எண்ணின் அகலம். 'ஞை', 'ணோ' எல்லாம் அதைப்போல எத்தனை மடங்கு என்று எழுதிப் பார்த்தாலே தெரியும். 65 சிஎச் அகலத்தில் 65 தமிழ் எழுத்து நிச்சயம் வராது. ரெம் கணக்கில் ஒரு அகலம் வைத்து, கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைப்பதுதான் தமிழுக்குச் சரி. வரி உயரத்தையும் 1.6-க்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். மேலே புள்ளியும் இகர விலங்கும், கீழே உகரச் சுழியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

இரண்டாவது, அட்டவணை. இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். எளிய வழி, அட்டவணையை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்து அந்தப் பெட்டி தனியாகப் பக்கவாட்டில் நகரும்படி செய்வது. "ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ" என்பார்கள். பக்கம் நழுவாது, அட்டவணை மட்டும் நகரும். அலகுகள், மாறிலிகள் போன்ற நீள அட்டவணைகளுக்கு இது போதும்.

"கடத்தி, குறைக்கடத்தி, மின்காப்பான் - வேறுபாடுகள்" மாதிரி ஒப்பிடும் அட்டவணைகளை மட்டும் இளக வைக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், பிட்ச் என்ற கீல் புனலிலிருந்து மெல்லச் சொட்டும் சோதனையை நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். தாமஸ் பார்னெல் 1927-இல் தொடங்கினார், 1930-இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். சுத்தியலால் தட்டினால் தெறித்து உடையும் அந்தக் கரிய பொருள், 2014 வரையில் சொட்டியது ஒன்பதே சொட்டு. பல ஆண்டுகள் அதைக் காத்துவந்த ஜான் மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் காணாமல் 2013-இல் இறந்துபோனார். பார்வைக்குத் திண்மம், உண்மையில் திரவம். ஒப்பீட்டு அட்டவணையும் அந்த ரகம்தான். குறுகிய திரையில் ஒவ்வொரு வரிசையையும் ஒரு சிறு கட்டமாகப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம்.

எந்த அகலத்தில் அப்படிப் பிரிப்பது? இதற்கு மீடியா குவெரி என்ற வழி இருக்கிறது. ஈதன் மார்காட் 2010-இல் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்ற கட்டுரையில் நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள் இரண்டோடு மூன்றாவதாகச் சேர்த்தது அது. குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே போனால் அமைப்பே மாறும். உங்கள் மொழியில் சொன்னால் நிலைமாற்றம். பலர் செய்யும் தப்பு, இன்ன கம்பெனி போன், இன்ன டேப்லெட் என்று கருவிகளின் அகலத்தைப் பட்டியல் போட்டு அங்கே மாற்றுவது. உருகுநிலை பொருளைச் சேர்ந்தது, பாத்திரத்தைச் சேர்ந்தது இல்லையே! உங்கள் அட்டவணை 520 பிக்சலில் நெருக்கடிக்கு ஆளானால் 520-இல் மாற்றுங்கள். அந்த அளவில் போன் ஒன்றும் விற்கவில்லையே என்று பார்க்க வேண்டியதில்லை.

மின்சுற்றுப் படங்களுக்கு வருவோம். "மேக்ஸ்-விட்த் 100 சதவீதம்" போட்டிருக்கிறார், அதனால் படம் திரைக்குள் அடங்குகிறது. ஆனால் 1200 பிக்சல் அகலப் படம் 360-க்குள் வந்தால் பத்தில் மூன்று பங்கு. அதில் 14 பிக்சலில் எழுதிய "மின்தடை" 4 பிக்சலாகிவிடும். இதற்குக் கோடிங்கில் மருந்து இல்லை, படத்தைத்தான் மறுபடி வரைய வேண்டும். 600 பிக்சல் அகலத்தில், எழுத்தை 26 பிக்சலுக்குப் பெரிதாக்கி வரைந்தால் போனிலும் 15, 16 பிக்சல் கிடைக்கும். இன்னும் நல்லது, படத்துக்குள் அ, ஆ, இ என்று மட்டும் குறித்துவிட்டு விளக்கத்தைக் கீழே உரையாக எழுதுவது. உரைதான் ஓடும் பொருளாயிற்றே.

தலைப்புகளுக்குக் கிளாம்ப் என்ற வசதி உண்டு: இதற்குக் கீழே போகாதே, திரைக்கு ஏற்ப வளர், இதற்கு மேலே போகாதே. ஆனால் 'மின்காந்தத்தூண்டல்' என்று சேர்த்து எழுதினால் எந்தக் கிளாம்பும் காப்பாற்றாது, பெரிய எழுத்தில் ஒரே சொல் போனின் அகலத்தைத் தின்றுவிடும். 'மின்காந்தத் தூண்டல்' என்று இடம் விட்டு எழுதுங்கள், தானாக இரண்டு வரியாகும்.

எல்லாம் முடிந்ததும் தம்பியின் வார்த்தையை நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். கணினியில் பிரவுசர் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டே வாருங்கள். சன்னலை எவ்வளவு தூரம் குறுக்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு, அப்புறம் 1280 பிக்சல் அகலச் சன்னலில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அது 320 பிக்சல் திரைக்குச் சமம். மாற்றுத்திறனாளிகளும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதிகள் கேட்பதும் அந்த 320-ஐத்தான்: பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும். அட்டவணை, வரைபடம் போல இரு திசையிலும் விரிந்தே ஆக வேண்டியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு.