கேள்வி–பதில்: ஹௌலண்ட் வீட்டுக் கதை

கே: மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போன ஜான் ஹௌலண்டின் மனைவி, ஆளுநர் கார்வரின் மகள் என்று ஒரு பழைய வம்சாவளியில் படித்தேன். இன்னொன்றில் அதே கப்பலில் வந்த ஜான் டில்லி என்பவரின் மகள் என்று இருக்கிறது. எது சரி?

ப: டில்லியின் மகள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தத் தப்பு எப்படி உள்ளே வந்தது என்று பார்த்தால்தான் சுவாரஸ்யம். ஹௌலண்ட் 1620-ல் கப்பல் ஏறியது ஜான் கார்வரின் வேலையாளாக. கப்பலில் போன ஆங்கிலேயர்கள் அங்கே அமைத்த குடியேற்றம் பிளிமத்; அதன் முதல் ஆளுநர் கார்வர்தான். 1621 வசந்தத்தில் அவர் இறந்தார், சில வாரங்களில் மனைவியும் போய்விட்டார், வாரிசு யாரும் இல்லை. அவரோடு வந்த இந்த வாலிபரோ பிற்பாடு ஊரில் நிலமும் மதிப்புமாக நிமிர்ந்துவிட்டார். அப்புறம் என்ன, பின்னால் வந்த தலைமுறைகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, வேலைக்காரராக வந்த பாட்டனாரை ஆளுநர் வீட்டு மாப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். கசக்கவா செய்யும்? 19-ஆம் நூற்றாண்டில் அவருக்கு நினைவுக்கல் நட்டபோது அதிலும் அப்படியே வெட்டிவைத்தார்கள்.

அந்த மாப்பிள்ளைக் கதையைக் கெடுத்தது ஒரு கையெழுத்துப் பிரதி. இரண்டாவது ஆளுநர் வில்லியம் பிராட்ஃபர்ட் குடியேற்றத்தின் கதையை எழுதியதோடு, கப்பலில் வந்தவர்கள் யார், யார் செத்தார், யாருக்கு எத்தனை பிள்ளை என்று கடைசியில் கணக்கும் போட்டு வைத்திருந்தார். பாஸ்டனில் இருந்த அந்தப் பிரதி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போய், 1855-ல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் நூலகத்தில் அகப்பட்டது. மறு வருஷம் அச்சிலும் வந்தது. அதில் ஒரே வரிதான்: ஹௌலண்ட் ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தைக் கட்டினார், பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு இருக்கின்றன. நினைவுக்கல்லை மாற்ற வேண்டியதாயிற்று.

கே: சரி, அந்த எலிசபெத்தைப் பற்றி ஏதாவது தெரியுமா?

ப: எனக்கு இந்தக் குடும்பத்தில் பிடித்த ஆளே அவர்தான். 1607-ல் பெட்ஃபர்ட்ஷைரின் ஹென்லோ கிராமத்தில் ஞானஸ்நானம். கப்பல் ஏறும்போது வயது 13. போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் 102 பயணிகளில் பாதிப்பேர் மாண்டார்கள்; அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி என்று அந்தப் பெண்ணோடு வந்த பெரியவர்கள் நாலு பேரும் அதில் அடக்கம். அதற்கடுத்து அவர் பெயர் தென்படுவது ஒரு மாட்டுக் கணக்கில்! 1627-ல் ஊர்ப் பொதுவில் இருந்த மாடுகளையும் ஆடுகளையும் பங்கு பிரித்தார்கள், ஆளுக்கு ஆள் பெயர் எழுதி, 13 பேருக்கு ஒரு பங்காக 12 பங்கு. நாலாவது பங்கின் தலைப்பில் ஜான் ஹௌலண்ட், அடுத்து மனைவி எலிசபெத், பிள்ளைகள் ஜான், டிசையர். அவர்கள் பங்குக்கு விழுந்த கிடாரியின் பெயர்கூட இருக்கிறது, ரேக்ஹார்ன். பேரும் ஊரும் தெரியாமல் போன எத்தனையோ மனிதர்கள் இருக்க, ஒரு கிடாரிக்கு 400 வருஷமாகப் பெயர் நிற்கிறது.

இன்னொரு சாட்சி அவருடைய உயில், 1686. மூத்த மகனுக்கு ஐந்து பவுண்டும், பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த திண்டேலின் நூலும், ஒரு ஜோடி படுக்கை விரிப்பும், தலையணை உறையும், கம்பளியும். ஜோசஃபுக்குத் துலாக்கோல். தலையணை உறையை எண்ணி உயிலில் எழுதுவானேன் என்று சிரிக்காதீர்கள், அந்த ஊரில் அந்தக் காலத்தில் துணி ஒரு சொத்து. மறு வருஷம் மகள் லிடியா வீட்டில் காலமானார்.

கே: ஹௌலண்ட் நடுக்கடலில் விழுந்து பிழைத்தார் என்பது நிஜமா, பிற்பாடு சேர்த்த கதையா?

ப: நிஜம், பிராட்ஃபர்டே எழுதியிருக்கிறார். புயலில் மேல்தளத்துக்கு வந்தவர் கப்பல் சாய்ந்ததில் கடலில் விழுந்தார். மேல்பாயை ஏற்றி இறக்கும் கயிறு தண்ணீரில் தொங்கியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டார், பல ஆள் ஆழத்துக்குள் போயும் விடவில்லை. கயிற்றை இழுத்து, கொக்கிக் கழியால் மாட்டித் தூக்கினார்கள். பிடி நழுவியிருந்தால் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இல்லை, இரண்டு புஷ்களும் இல்லை. மூவரும் இந்த வம்சம்.

கே: அவர் இறந்த வருஷத்தை 1672/73 என்று ஏன் இரட்டையாகப் போடுகிறார்கள்?

ப: அப்போது ஆங்கிலேயருக்கு வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். அவர் இறந்தது பிப்ரவரி 23. அவர்கள் கணக்கில் 1672, நம் கணக்கில் 1673. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752-ல்தான் ஜனவரிக்கு மாறின.

கே: இந்த வம்சக் கதைகளில் அந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றிப் பேச்சே இல்லையே?

ப: நியாயமான கேள்வி. பிளிமத் எழுந்ததே வாம்பனோவாக் மக்களின் பட்டுக்ஸெட் கிராமம் இருந்த இடத்தில். மேஃபிளவர் வருவதற்குச் சில வருஷம் முன்பு கொள்ளைநோயில் அந்தக் கிராமமே காலியாகியிருந்தது. இதே வீட்டு மகன் ஜேபஸ், 1675-ல் மூண்ட போரில் வாம்பனோவாக் தலைவர் மெட்டாகாமுக்கு எதிராக பெஞ்சமின் சர்ச் என்ற ஆங்கிலேயத் தளபதியின் படையில் இருந்தார். 1676 ஆகஸ்டில் மெட்டாகாமைக் கொன்று, தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் வைத்தார்கள். ஜேபஸ் குடியிருந்த வீடு அதே ஊரில் இன்றும் நிற்கிறது, பார்க்கப் போகலாம். 1680-ல் அவர் அதை விற்றுவிட்டு பிரிஸ்டலுக்குக் குடிபோனார். பிரிஸ்டல் மெட்டாகாமின் சொந்த மண்.