மாங்காய்க் கொலுசு

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறோம். நான் வரைந்த மாங்காய்க் கொலுசைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பத்தே நாளில் அதே படம் வேறொரு கடையின் இன்ஸ்டாகிராமில். அதே கொலுசு அவர்கள் கண்ணாடிப் பெட்டியில். கேட்டால், “நெட்டுல கிடைச்சதுங்க” என்கிறார்கள்.
- ஒரு வாசகி

பதில்: சந்தையில் கிடைப்பதைக்கூடக் காசு கொடுத்துதானே எடுக்கிறோம், அம்மா!

படம் உங்களுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவுடனே உரிமை வந்துவிட்டது, பதிவு கட்டாயமில்லை. இன்ஸ்டாகிராமுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் சரியாக இருந்தால் 36 மணி நேரத்தில் படத்தை முடக்க வேண்டும் என்கின்றன 2013 பதிப்புரிமை விதிகள். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்காவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். என் ஏற்காடு பகோடா பாயின்ட் படம் ஒரு விடுதியின் காலண்டரில் தொங்கியதைப் பார்த்தவன் நான். கேமராவிலிருந்த ஒரிஜினலைக் காட்டிய பிறகுதான் முதலாளியின் குரல் இறங்கியது. உங்களுடையதை அழித்துவிடாதீர்கள்.

கொலுசுதான் சிக்கல். மாங்காய் பாட்டி காலத்துச் சொத்து. நீங்கள் அடுக்கிய விதம் மட்டுமே உங்களுடையது. அதை 2000 வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்திருந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. பதியாமலே மெஷினில் 50 தடவைக்கு மேல் அடித்துவிட்டால் அந்த வடிவத்தின் பதிப்புரிமையும் போய்விடும். ஸ்டேட்டஸில் ஊரே பார்த்த பிறகு ‘புதிது’ என்று பதிவதும் கஷ்டம். அடுத்த டிசைனுக்கு முதலில் விண்ணப்பம், அப்புறம் ஸ்டேட்டஸ்.

கை வேலையா, டை (அச்சு) போட்டு அடித்ததா, எத்தனை ஜோடி? கடிதத்தில் இல்லையே. எழுதுங்கள்.